மதகைத் திறந்தவனின் அண்ணன்

எலாதியைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். சிவப்புக்காரர்களுக்குப் படகு ஓட்டியவன் என்று ஒரு தெரு சொல்லும். ஆற்றில் வெள்ளம் விட்டவனின் அண்ணன் என்று அடுத்த தெரு சொல்லும். இரண்டு தெருவிலும் அவருக்கு யாரும் உட்கார நாற்காலி போடவில்லை. அவர் என் அக்கா தெக்லாவின் கணவர். பதினேழு வருஷம் அவர் படகில் இரண்டாவது துடுப்பு போட்டவன் நான். அதனால் நடந்தது எனக்குத் தெரியும். ஊர் சொல்வதை நான் கேட்கத் தேவையில்லை.

அவர் இனிமையான மனிதர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்ரோ ஆற்றில் தோர்தோசா நகரம் வரை நிலக்கரியும் எண்ணெயும் ஏற்றிக்கொண்டு போன பெரிய படகுக்காரக் குடும்பம் அவருடையது. லாரி வந்தது, மலையில் அணைகள் வந்தன, சரக்குப் படகு ஓட்டம் நின்றது. மிஞ்சியது இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் கடத்தும் துறை மட்டும்தான். அப்போது அவருடைய தம்பி ரொசெந்த், எப்ரோவில் வந்து சேரும் செக்ரே ஆற்றுக்கு மேலே, மலையில் ஒரு அணையில் வேலை கிடைத்துப் போனான். மதகுச் சக்கரம் சுற்றும் வேலை.

"நம்ம ஆத்தக் கட்டிப் போட்டவன்கிட்டயே சம்பளம் வாங்கப் போறியா?" என்றார் எலாதி.

"உன் படகுல என்ன இருக்கு அண்ணே? ரெண்டு ஆடும் ஒரு பாதிரியும். அதுல ரெண்டு வீடு சாப்பிட முடியுமா?"

"போ. போனா திரும்பி இந்தத் துறைல கால் வைக்காத."

அது இருபத்தொன்பதாம் வருஷம். அதற்குப் பிறகு அவர்கள் பேசவில்லை. ரொசெந்த் அக்கரைக் கிராமத்து எண்ணெய்ச் செக்குக்காரரின் மகள் எங்ராசியாவைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனான். கல்யாணத்துக்கு எலாதி போகவில்லை. அக்கா போய்விட்டு வந்து ஒரு வாரம் ஏச்சு வாங்கினாள்.

முப்பத்தாறில் அரசாங்கத்தை எதிர்த்து ஜெனரல்கள் கலகம் செய்தார்கள், உள்நாட்டுப் போர் மூண்டது. எங்கள் பக்கத்தில் கலகத்தை அடக்கியதாகச் சொல்லிக்கொண்டு சிவப்புக்காரர்களின் கமிட்டிகள் சொத்துக்காரர்களைப் பிடிக்கக் கிளம்பின. ஆகஸ்டில் ஒரு நாள் துப்பாக்கியோடு ஐந்து பேர் துறைக்கு வந்தார்கள். எங்கள் ஊர் ஆட்கள் இல்லை. அக்கரைக்கு விடச் சொன்னார்கள். விட்டோம். ஒரு மணி நேரத்தில் செக்குக்காரக் கிழவரை, ரொசெந்தின் மாமனாரை, கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். அவர் காலில் செருப்பு இல்லை. படகில் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். எலாதி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. நாங்கள் படகைக் கட்டுவதற்குள் கல்லறைச் சுவர்ப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

முப்பத்தெட்டு ஏப்ரலில் எங்கள் எதிரியான ஜெனரல்களின் படை கடலைத் தொட்டது. நாடு இரண்டு துண்டு. எங்கள் அரசாங்க ராணுவம் ஆற்றைத் தாண்டி இந்தக் கரைக்குப் பின்வாங்கி, பாலங்களை எல்லாம் வெடிவைத்துத் தகர்த்தது. ஆறுதான் இனி எல்லை. எலாதியின் ஒலிவ மரங்கள் அக்கரையில். தினமும் காலையில் அவர் கரைக்குப் போய் நின்று தன் மரத்தடியில் எதிரிச் சிப்பாய்கள் சட்டை துவைத்துக் காயப்போடுவதைப் பார்த்துத் திட்டிவிட்டு வருவார். அதே ஏப்ரலில் மலை அணைகளும் எதிரி கைக்குப் போயின. ரொசெந்த் இருந்த அணையும் போயிற்று. ஓடியவர்கள் ஓடினார்கள். அவன் ஓடவில்லை என்று யாரோ வந்து சொன்னார்கள்.

ஜூன் மாதம் கேப்டன் கிரோகா வந்தார். பாலம் கட்டும் படைப்பிரிவுக்குத் தலைவர். சாலைகள் போட்டுப் பழகிய பொறியாளர். ஆற்றை அவர் பாலத்தின் மேலேயிருந்துதான் பார்த்திருப்பார். எங்கள் படகைப் பறித்தார். அதோடு எங்களையும் சேர்த்துப் பறித்தார். பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் ஆற்றின் வளைவை வரைந்து எங்களை முன்னால் உட்கார வைத்தார். பக்கத்தில் கமிசார் பெலார்மினோ, கட்சி அனுப்பிய அரசியல் அதிகாரி. சுரங்கத்திலிருந்து வந்தவர். சிரிக்கவே மாட்டார்.

திட்டம் இதுதான். முதலில் படகுகளில் காலாட்படை கடக்கும். விடிந்ததும் தக்கைகளைக் கோர்த்து நடைபாலம். அப்புறம் லாரி போக மிதவைப் பாலம். கடைசியாக டாங்கியும் பீரங்கியும் போக இரும்புப் பாலம். முன்னால் போன காலாட்படை நிற்காமல் ஓடி காந்தேசா என்ற ஊரைப் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் அங்கேதான் சேர்கின்றன. எதிரி கூடுதல் படையைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் பீரங்கி போய்ச் சேர்ந்துவிட்டால் ஊர் நம்முடையது.

எலாதி எல்லாவற்றையும் கேட்டார். எந்த இடத்தில் சுழல், எந்த இடத்தில் அடி மண், எந்த இடத்தில் கூழாங்கல் என்று எழுந்து போய்ச் சாக்கட்டியால் திருத்தினார். பிறகு சொன்னார்:

"பாலம் எல்லாம் சரி. மேல அணை இருக்கே, அதுக்கு என்ன வழி?"

"ஜூலை மாசம் ஆத்துல தண்ணி ஏது?" என்றார் கேப்டன்.

"ஆத்துல எவ்வளவு தண்ணின்னு வானத்தக் கேட்ட காலம் போச்சு. மதகுச் சக்கரத்தப் பிடிச்சிருக்கிறவனத்தான் கேக்கணும்."

"அவங்களுக்கும் கரண்டு வேணும்யா. அணையக் காலி பண்ணிட்டு விளக்கேத்தியா உக்காருவாங்க? தலைமையகத்துல கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்காங்க."

"கணக்குப் போட்டவன் யாரும் என் தம்பியப் பாத்ததில்ல. சக்கரம் சுத்துறது அவன்தான். சுத்துன்னா சுத்துவான்."

கமிசார் தலையைத் தூக்கினார். "உன் தம்பியா?"

அறையில் இருந்த மற்ற படகுக்காரர்கள் எல்லோரும் சாக்கட்டித் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ எங்களுக்கு வழி காட்ட வந்தியா, பயம் காட்ட வந்தியா?" என்றார் கமிசார்.

"நீங்க இழுத்துட்டு வந்தீங்க. நானா வந்தேன்?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் ஒரு சிப்பாய் நின்றான். அக்கா அவனுக்கு உலர்ந்த அத்திப்பழம் கொடுப்பாள். அவன் தின்றுவிட்டு, எலாதி மூத்திரம் போகக் கொல்லைக்குப் போனாலும் பின்னாலேயே போவான். தம்பிக்குச் சேதி அனுப்பிவிடுவாராம். அதைவிட வேடிக்கை, அவருடைய மகன் அமாதேவ் இதே ராணுவத்தில்தான் இருந்தான். பத்தொன்பது வயது. எங்கள் துறைக்கு நாலு மைல் மேலே அவன் பிரிவு காத்துக்கொண்டிருந்தது. அதை எலாதி கமிசாரிடம் சொல்லவில்லை. "என் மகனக் காட்டி நான் நல்லவன்னு நிரூபிக்கணுமா?" என்றார்.

ஜூலை இருபத்தைந்து. இருட்டிலேயே கடக்கத் தொடங்கினோம். ஒரு படகுக்கு எட்டுப் பேர். எதிரி தூங்கிக்கொண்டிருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். விடிவதற்குள் அக்கரை எங்கள் கையில். மத்தியானம் தக்கைப் பாலத்தில் சிப்பாய்கள் வரிசையாக ஓடினார்கள். மறுநாள் காலை காந்தேசாவின் வீடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன என்று சேதி வந்தது. கேப்டன் கிரோகா எலாதியின் முதுகில் தட்டினார். எலாதி தோளைக் குலுக்கி அந்தக் கையை உதறினார்.

அன்று மாலை நாங்கள் துறைக் கல்லில் உட்கார்ந்து ரொட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். எலாதி தின்பதை நிறுத்தினார்.

"மச்சான், தண்ணியப் பாரு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் இறங்கிப் போய்க் கையால் அள்ளி முகர்ந்தார். "மலைச் சேறு. இது நம்ம தண்ணி இல்ல." அவர் கேப்டனைப் பார்க்க ஓடினார். கேப்டன் வந்து பார்ப்பதற்குள் நாங்கள் உட்கார்ந்திருந்த கல் முங்கிவிட்டது. தண்ணீரோடு மரங்களும் வந்தன. முழு முழுப் பைன் மரங்கள், கிளை வெட்டி, வேண்டுமென்றே தள்ளிவிட்டவை. தக்கைப் பாலம் நூல் அறுந்த மணி மாதிரி போனது. லாரிப் பாலத்தில் மூன்று மிதவைகளை மரங்கள் இடித்து உடைத்தன. நடுவில் நின்ற ஒரு லாரி, ஓட்டுநரோடு போனது. இரும்புப் பாலம் பாதியில் நின்றது. டாங்கிகளும் பீரங்கிகளும் இக்கரையில் ஒலிவ மரங்களுக்கு அடியில் வரிசையாக நின்றன. அவற்றை ஓட்டவேண்டியவர்கள் கரையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள்.

கமிசார் கைத்துப்பாக்கியோடு வந்தார்.

"உன் தம்பிக்கு நாள் எப்படித் தெரிஞ்சுது?"

"நாங்க பேசி ஒன்பது வருசம் ஆச்சு."

"சேதி சொல்ல வாய் எதுக்கு?"

"நான் உங்களுக்குச் சொன்னேன். அந்தப் பலகைக்கு முன்னால நின்னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க."

"நான் சிரிக்கல" என்றார் கமிசார். அது உண்மைதான்.

கேப்டன்தான் குறுக்கே வந்தார். "சுடுறதுன்னா பாலம் முடிஞ்சப்புறம் சுடு. இப்ப எனக்கு இவன் கை வேணும்." இதுதான் அவர் எலாதிக்குச் செய்த உதவி. ஆகஸ்டில் விமானம் போட்ட குண்டில் அந்தக் கேப்டன் தன் பாலத்தோடேயே போய்ச் சேர்ந்தார். நான் அழவில்லை.

தண்ணீர் வடிந்தது. பாலத்தை ஒட்டினார்கள். மறுபடி தண்ணீர் வந்தது. மேலே உட்கார்ந்திருந்தவன் நாங்கள் ஒட்டி முடிக்கும் நேரத்தைக் கணக்காகப் பார்த்துத் திறந்தான். போகிற பக்கம் குண்டுப் பெட்டி, திரும்புகிற பக்கம் காயம்பட்டவர்கள் என்று நாங்கள் படகிலேயே கடத்தினோம். அக்கரையில் காலாட்படை காந்தேசாவுக்கு முன்னால் பீரங்கி இல்லாமல் நின்றது. துப்பாக்கியை வைத்துக்கொண்டு சுவரை என்ன செய்ய முடியும்? எதிரியின் கூடுதல் படை சாவகாசமாக வந்து சேர்ந்தது.

முப்பதாம் தேதி சாயங்காலம் ஏழாவது நடை. அக்கரையில் மருத்துவ உதவியாளன் ஒருவன் தூக்குப்படுக்கைகளை இரண்டு வரிசையாகப் பிரித்து வைத்திருந்தான். பிழைக்கிறவர்கள் ஒரு வரிசை, அவர்கள் முதலில். மற்றவர்கள் நாணலுக்குப் பக்கத்தில், நிழலில். முதல் வரிசை தீர்ந்துபோய் இரண்டாம் வரிசையிலிருந்து தூக்கி வைத்தார்கள். எலாதி குனிந்து ஒரு போர்வையைச் சரிசெய்தார். பிறகு போர்வையை முழுக்க விலக்கினார்.

அமாதேவ். வயிற்றில் அடி. உயிர் போய் ரொம்ப நேரம் ஆகவில்லை.

"எப்ப கொண்டாந்தாங்க?" என்று உதவியாளனைக் கேட்டேன்.

"மத்தியானத்துக்கு முன்னாலயே. 'அது எங்கப்பா படகு, எங்கப்பா படகு'ன்னு சொல்லிட்டே இருந்தான். காய்ச்சல்ல உளர்றான்னு நெனச்சேன்."

மத்தியானத்திலிருந்து நாங்கள் ஆறு தடவை வந்து போயிருந்தோம். நாணல் இருபது அடி தூரம்கூட இல்லை.

எலாதி மகனை இக்கரைக்குக் கொண்டுவந்தார். அக்கா துறைக்கு வந்தாள். அவள் கத்தியதை நான் எழுதப்போவதில்லை. குழியை நானும் அவரும் வெட்டினோம். மண்ணைத் தள்ளி முடித்ததும் அவர் சொன்ன ஒரே வார்த்தை தம்பியின் பெயர். அடுத்த நடைக்குப் படகில் குண்டுப் பெட்டிகள் ஏறியிருந்தன. போய் உட்கார்ந்து துடுப்பை எடுத்தார்.

அப்புறம் நடந்தது சண்டையே இல்லை, அரைப்பு. குன்றுகளுக்கு எண் போட்டு, ஒரு எண்ணைப் பிடிக்க ஆயிரம் பேர், அதைத் திரும்பக் கொடுக்க ஆயிரம் பேர். நவம்பர் நடுவில் மிஞ்சியவர்கள் இக்கரைக்குத் திரும்பி வந்தார்கள். நாங்கள்தான் கடத்தினோம். ஜனவரியில் எதிரி ஆற்றைத் தாண்டியதும் நான் பிரான்சுக்கு ஓடி முள்வேலி முகாமில் ஒன்றரை வருஷம் மணலில் படுத்துவிட்டு வந்தேன். எலாதி ஓடவில்லை. "புதைச்ச இடத்த விட்டுட்டு எங்க வர்றது?" என்றார். எங்கள் ஊர் ரொட்டிக் கடைக்காரன் காட்டிக்கொடுத்தான். ராணுவ நீதிமன்றத்தில் பன்னிரண்டு வருஷம். குற்றம்: கலகத்துக்கு உதவியது. கலகம் செய்தவர்களே போட்ட தீர்ப்பு அது. குண்டு விழுந்து இடிந்த ஊர்களைக் கட்டும் கைதிகளோடு கல் சுமக்க அனுப்பினார்கள்.

நாற்பத்து மூன்றில் திடீரென்று விட்டார்கள். எலும்பும் தோலுமாக வந்தார். அக்கா கொண்டைக்கடலைக் கஞ்சி வைத்தாள். இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கேட்டார்:

"யார் கையெழுத்து?"

அந்தக் காலத்தில், ஆட்சிக்கு வேண்டியவன் ஒருவன் 'இவன் நல்லவன்' என்று சான்று எழுதித் தந்தால்தான் கைதியை விடுவார்கள். அக்கா கஞ்சிப் பானையை மூடினாள்.

"உங்க தம்பி."

"நீயா கேட்ட?"

"நான்தான் கேட்டேன். நாலு கடுதாசி போட்டேன். நாலாவதுக்குப் பதில் வந்துச்சு."

"என்னத் திரும்ப உள்ள போடச் சொல்லு."

"போங்களேன். வழி தெரியும்ல? நாலு வருசம் ஒத்தையா உக்காந்து தின்னேன், இன்னும் எட்டு வருசம் தின்னுட்டுப் போறேன். என் பிள்ளை செத்தது எனக்குத் தெரியாதா? உங்களுக்கு மட்டும்தான் செத்தானா?"

அவர் கஞ்சியைக் குடிக்கவில்லை. மறுநாள் குடித்தார்.

அடுத்த வசந்தத்தில் புதுப் படகுக்குப் பைன் பலகை வாங்க அவருக்கும் எனக்கும் மலைக்குப் போக பாஸ் கிடைத்தது. பலகை அணைக்குக் கீழே இருந்த வாள்பட்டறையில்தான் கிடைக்கும். எதற்காகப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் நான் ஏன் கூடவே போகிறேன் என்று தெரியும். பட்டறையில் பேச்சை முடித்துவிட்டு நேராக மேலே ஏறினார். அணைக்காரர்கள் வீட்டு வரிசையில் கடைசி வீடு. ரொசெந்த் வெளியில் உட்கார்ந்து வலை போட்ட சட்டத்தில் பட்டாணி உலர்த்திக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணனைப் பார்த்ததும் எழுந்தான்.

"சொல்லு" என்றார் எலாதி. "எப்படித் திறந்த?"

ரொசெந்த் உள்ளே வரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னான்.

"ஒரு அதிகாரி வந்தான். கையில வரைபடம், கடிகாரம். இவ்வளவு அடி தூக்கு, இத்தனை மணி நேரம் விடு, மூடுன்னான். மறுநாள் மறுபடி வந்தான். பாலம் ஒட்டிட்டாங்களாம். மறுபடி தூக்குன்னான். பத்து நாளுக்கு மேல வந்தான்."

"கீழ நாங்க இருக்கோம்னு தெரியுமா?"

"தெரியும்."

"அமாதேவ்?"

"அவன் அங்க இருந்தான்னு தெரியாது அண்ணே. தெரிஞ்சிருந்தாலும்..." நிறுத்தினான்.

"முடி. பாதில நிறுத்தாத."

"தெரிஞ்சிருந்தாலும் சுத்தியிருப்பேன். என் மாமனாரச் செருப்பில்லாம கூட்டிட்டு வந்தாங்களே, அந்தப் படகு யாரு ஓட்டுனது? அன்னைக்கு நீ மாட்டேன்னு சொன்னியா?"

"அவங்க கையில துப்பாக்கி இருந்துச்சு."

"அந்த அதிகாரி கையில மட்டும் என்ன பூவா இருந்துச்சு?"

எலாதி அடித்தார். ஐம்பது வயதுக்காரர், சிறையில் பாதி உடம்பைத் தொலைத்தவர். அந்த அடிக்கு ரொசெந்த் விழவில்லை. திருப்பி அடித்தான். இவர் விழுந்தார். பட்டாணி வாசல் முழுக்கச் சிதறியது. இரண்டு பேரும் தரையில் கட்டிப் புரண்டார்கள். நான் விலக்கப் போகவில்லை. யாராவது ஒருவர் சாகட்டும் என்றுதான் அந்த நேரத்தில் இருந்தது.

எங்ராசியா வெளியே வந்தாள். கையில் துணி அலசிய தண்ணீர் வாளி. அதை இரண்டு பேர் மேலும் ஊற்றினாள்.

"அடிச்சுக்கிறதுன்னா என் வாசலத் தாண்டிப் போய் அடிச்சுக்குங்க" என்றாள். எலாதியின் வாயில் ரத்தம். அவரை அவள் பார்க்கக்கூட இல்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ என்ன ஒதுங்கி நிக்கிற? நீயும்தான துடுப்பு போட்ட."

நான் எலாதியைத் தூக்கி நிறுத்தினேன். நாங்கள் கீழே இறங்கினோம். எலாதி ஒரு பல்லைத் துப்பினார். பலகையை ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றிப் பேசியதில்லை.

புதுப் படகில் துறை மறுபடி ஓடியது. உரிமம் அக்கா பெயரில். தண்டனை பெற்றவருக்கு அதெல்லாம் கிடைக்காது. புது ஆட்சியின் சிவில் காவலர்களையும் ஏற்றினோம், ரொட்டிக் கடைக்காரனையும் ஏற்றினோம். ரொட்டிக் கடைக்காரன் ஏறும்போது எலாதி படகைச் சரியாகக் கரையோடு அணைக்க மாட்டார். அவன் கால் எப்போதும் நனையும்.

ஐம்பத்திரண்டு இலையுதிர் காலத்தில் எங்ராசியா இறந்தாள். அவள் அப்பாவைச் சுட்ட எங்கள் ஊர்க் கல்லறையில்தான் புதைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். சவப்பெட்டியை லாரியில் அக்கரை வரை கொண்டுவந்து ரொசெந்த் துறையில் நின்று படகைக் கூப்பிட்டான். இங்கே துறையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் எலாதியைப் பார்த்தார்கள்.

அவர் துடுப்பை எடுத்தார். நானும் எடுத்தேன். அக்கரையில் படகை அணைத்தார், சரியாகவே அணைத்தார். லாரிக்காரனும் நானும் பெட்டியை ஏற்றினோம். ரொசெந்த் ஒரு காலைப் படகில் வைத்தான்.

"பெட்டி வரட்டும்" என்றார் எலாதி. "நீ இறங்கு."

"அண்ணே, அவளப் புதைக்கணும்."

"பாலம் ஏழு மைல் கீழ இருக்கு. சுத்தி வா."

லாரிக்காரன் வாயைப் பிளந்தான். லாரி வேறு பக்கம் போக வேண்டியது. அவனும் அங்கேயே விடைபெற்றுக்கொண்டான். ரொசெந்த் காலை எடுத்தான். ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. கரையோரமாக நடக்கத் தொடங்கினான்.

பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கிப் போனோம். குழி தயாராக இருந்தது. பாதிரியார் அவசரப்பட்டார், வேறு ஊரில் பூசை இருக்கிறதாம். குழி வெட்டியவன் கயிற்றைக் கட்டினான்.

"தொடாத" என்றார் எலாதி. "புருசன் வரணும்."

"அவன் வர சாயங்காலம் ஆகும்யா."

"ஆகட்டும்."

பாதிரியார் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டு மாலையில் வந்தார். நாங்கள் பெட்டியின் பக்கத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். எலாதி தொப்பியைப் போடவில்லை. ரொசெந்த் வாசலில் தெரிந்தபோது முட்டிவரை புழுதி. ஒரு காலை இழுத்து நடந்தான். எலாதி தொப்பியை வைத்துக்கொண்டு அவனைத் தாண்டி வெளியே போனார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கயிற்றின் ஒரு முனையை ரொசெந்த் பிடித்தான், மறுமுனையை நான் பிடித்தேன்.

அன்று ராத்திரி ரொசெந்த் எங்கே படுத்தான் என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவள் வீட்டில் அன்று ஒரு ரொட்டி குறைந்திருந்தது. எலாதி அதைப் பார்த்தார், கேட்கவில்லை. ஐம்பத்தொன்பதில் நெஞ்சு வலி வந்து மூன்று நாளில் போனார். ரொசெந்துக்குத் தந்தி அடிக்கட்டுமா என்று சாகும் முன்னால் நான் கேட்டதற்குத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார், அது ஆமாவா இல்லையா என்று தெரியவில்லை. நான் அடிக்கவில்லை. அக்கா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.